ஊக்கத்தொகை சம்பளம் ஆகாது

பசறை, ஹாலிஎல, அப்புத்தளைத் தோட்டங்களில் சம்பள நாளன்று எல்லோர் கண்ணும் சீட்டின் கடைசி வரிக்குத்தான் போகிறது. அந்தத் தொகை எந்தெந்தத் துண்டுகள் சேர்ந்து வந்தது என்பதையும் பாருங்கள். மலையில் கொழுந்து எடுப்பவர், ஸ்டோரில் தேயிலை அரைப்பவர் இருவரின் முதுமையும் அதில்தான் இருக்கிறது.

2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. மிச்சம் வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்கு 30. 2019 ஒப்பந்தத்தில் வரவு, உற்பத்திக் கொடுப்பனவுகள் போய், அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. கூட்டு ஒப்பந்தக் காலம் முடிந்தபின், சம்பள நிர்ணய சபை வழியாக 2021 மார்ச்சில் 1,000 ரூபாயும், 2024இல் 1,350 ரூபாயும் வந்தன. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது 1,750. அதிலும் அடிப்படை 1,550 தான். 200 ரூபாய் அரசாங்கம் தரும் வரவு ஊக்குவிப்பு.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம்? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் கழிகிறது. தோட்டம் 12 சதவீதம் போடுகிறது. சட்டம் இதற்குக் கணக்கில் எடுப்பது சம்பளத்தை, ஊக்குவிப்பை அல்ல. ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அப்படியே. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாகப் பெற்ற வீதத்தில். முப்பது வருடம் உழைத்தவருக்கு 420 நாள் சம்பளம். அந்த 200 ரூபாய் அடிப்படையில் சேர்ந்திருந்தால் பணிக்கொடை மட்டும் 84,000 ரூபாய் கூடும்.

கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தவறல்ல. சம்பளத்துக்கு மேலே வந்தால் அது ஊக்கம். சம்பளத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நட்டம் தொழிலாளிக்குத்தான்.

ஊவாவில் இன்னொரு அநீதியும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகிறது; ஏலத்தில் நல்ல விலையும் போகிறது. ஆனால் அப்போது கொழுந்து குறைவு. கிலோவை மட்டும் அளக்கும் ஊக்கத்தொகை, தோட்டத்தின் பெயரை உலகத்துக்குச் சொல்லும் அந்தத் தேயிலையைப் பறித்த கைக்கே குறைந்து போகிறது. கிலோ இலக்கைப் பருவத்துக்கு ஏற்ப, தொழிலாளிகளோடு உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும். ஆள் வேலைக்கு வருவதில்லை என்று குறைப்படும் நிர்வாகங்கள் முதலில் தராசைச் சரிபார்க்கட்டும். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்கட்டும். மலையில் மலசலகூடம் கட்டட்டும். கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகும் பிள்ளைகள் காசுக்காக மட்டும் போகவில்லை, மரியாதைக்காகவும் போகிறார்கள்.

சம்பள நிர்ணய சபை வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே சம்பளம் கொடுக்க எந்த ஒப்பந்தத்தாலும் முடியாது. நீங்களே சம்மதித்தாலும் அது செல்லாது. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால், எந்த நாள், எத்தனை கிலோ, என்ன காரணம் என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். தேயிலை மலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து வருமானத்தில் பங்கு தருகிறோம் என்று நிர்வாகம் வந்தால், சேமலாப நிதியும் பணிக்கொடையும் தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்.

பெயர் விடயத்தில் மிகக் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பேர்ப்பட்டியலில் கூப்பிடும் பெயர் என்றிருந்தால், ஓய்வுக்குப் பின் சேமலாப நிதி எடுக்க அலைய வேண்டிவரும். வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

காசு குறைந்தாலோ, நிதிக்குக் கட்டாமல் விட்டாலோ, பதுளைத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நிறுத்துவது கைத்தொழில் பிணக்குச் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தப்படி குற்றம். வேலை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடை வர வேண்டும். பிந்தினால் அதற்கு மேலதிகத் தொகையும் சேர்த்துத் தோட்டம் கட்ட வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.