உங்களுக்குத் தெரியுமா? நீர்க்கட்டி மாத்திரையின் பூர்வீகம் ஒரு களைச்செடி!

சினைப்பை நீர்க்கட்டிப் (பி.சி.ஓ.எஸ்.) பிரச்சினை என்று போனால், சர்க்கரை நோய் இல்லாத பெண்ணுக்கும் டாக்டர் சில சமயம் மெட்ஃபார்மின் எழுதித் தருவார். 'எனக்கு எதுக்கு சுகர் மாத்திரை?' என்று திகைக்க வேண்டாம். இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது உடல் அதை அதிகமாகச் சுரக்கிறது. அந்த உபரி சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் பெரும்பாலும் இதனால்தான். இன்சுலினைச் சரிவர வேலை செய்யவைக்கத்தான் மெட்ஃபார்மின்.

இந்த மாத்திரையின் பூர்வீகம் கலீகா என்ற ஊதாப்பூச் செடி. அதிலுள்ள கலிஜின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. 1891-இல் அமெரிக்காவின் யூட்டாவில் இந்தச் செடியைத் தீவனமாகப் பயிரிட்டுப் பார்த்தார்கள். இன்று அங்கே ஒழிக்க முடியாத களை! கலிஜினின் சாதுவான உறவுக்காரனான மெட்ஃபார்மின் 1922-இல் டப்ளினில் தயாரானது. அதைச் சர்க்கரை நோய்க்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன், 1957-இல்.

நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளில் உள்ள பெர்பெரினுக்கும் நீர்க்கட்டிப் பிரச்சினையில் இப்போது மவுசு. இன்சுலின் கோளாறுக்கு அது ஓரளவு கைகொடுக்கிறது. குழந்தைப்பேறு விஷயம் வேறு: சீனாவில் 644 பெண்களிடம் நடந்த ஆய்வில் சினைமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை எடுத்தவர்களில் 36%, பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22% பேருக்கே குழந்தை பிறந்தது. கர்ப்பிணிகள் பெர்பெரினைத் தொடவே கூடாது.