தொங்கான்கள் போன பிறகு

காவிரியையும் தாமிரபரணியையும் பார்த்தவர்கள் சிங்கப்பூர் ஆற்றை ஆறு என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தயங்குவார்கள். கிம் செங் பாலத்திலிருந்து கழிமுகம் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இரு கரையிலும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். மர நிழலும் உட்கார இடமும் உண்டு. நின்று நின்று நடந்தாலும் ஒரு முற்பகலில் ஒரு கரையை முடித்துவிடலாம். இந்தச் சிறிய நீரோட்டம்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு துறைமுக நகரத்துக்குச் சோறு போட்டது. 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீ என்ற ஒரே வளைவில் நடந்தது. இன்று அந்த வளைவில் ஒரு மூட்டைகூட இறங்குவதில்லை. சுற்றுலாப் பயணிகள்தான் இறங்குகிறார்கள்.

அன்று பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வந்ததில்லை, ஆழம் போதாது. அவை வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்க, தொங்கான் என்ற சரக்குப் படகுகள் சுமையை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தன. அரிசி, ரப்பர், மிளகு, காப்பிக்கொட்டை, கருவாடு எல்லாவற்றுக்கும் இதுவே வழி. தொடக்கப் பத்தாண்டுகளில் இந்தப் படகுத் தொழிலில் முன்னின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தொழில் சீனர் கைக்கு மாறிவிட்டது. படகு வழி பார்த்துப் போகட்டும் என்று அவர்கள் முகப்பில் இரண்டு கண்களை வரைந்தார்கள். முகப்பு சிவப்பாக இருந்தால் தியோசியூக்காரர் படகு, பச்சையாக இருந்தால் ஹொக்கியன்காரர் படகு.

இன்று ஆற்றில் ஓடும் உல்லாசப் படகுகளும் அதே சாயலில்தான் இருக்கின்றன. ஆனால் ஓடுவது மின்சாரத்தில், சத்தமில்லை, புகையில்லை. ஒலிபெருக்கி ஊர்க்கதை சொல்ல, நாற்பது நிமிடத்தில் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகின்றன. பழைய தொங்கான்காரருக்கு வெறும் படகோடு திரும்புவது நஷ்டக் கணக்கு. இன்றைய படகுக்குச் சுற்றிவிட்டுத் திரும்புவதே வருமானம்.

படகுக்கும் கரைக்கும் நடுவே அன்று ஒரு பலகை கிடந்தது. ஒரு ஆள் நடக்கும் அகலம்தான். முதுகில் மூட்டையோடு கூலியாள் அதன்மேல் ஏறி, ஐந்தடி நடைபாதையைக் கடந்து கிடங்குக்குள் போவார். நீர் வற்றியிருக்கும் வேளையில் படகு தாழ்ந்துவிடும்; பலகை செங்குத்தாக நிற்கும்; அதே மூட்டை இன்னும் கனக்கும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு மூங்கில் குச்சி கையில் கொடுப்பார்கள். சாயங்காலம் குச்சியை எண்ணிக் கூலி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் உழைப்பை விரலால் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ள முடிந்த கணக்கு அது.

பலகை கிடந்த இடங்களில் இன்று சாப்பாட்டு மேசைகள். குடை விரித்து, விளக்கு தொங்கவிட்டு, உணவு அட்டையை நீட்டி அழைக்கிறார்கள். கண்ணாடித் தொட்டியில் நண்டுகள் கிடக்கின்றன. பின்னால் இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1989இல் இந்தப் பகுதியைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததால் நூற்றுக்கும் மேற்பட்ட கடைவீடுகள் தப்பின. கூரை ஓடும் சன்னலும் தூணும் பழையபடியே இருக்க வேண்டும். உள்ளே என்ன தொழில் நடக்கலாம் என்பதில் தாராளம். அரிசிக் கிடங்காக இருந்தது மதுக்கூடமாகிவிட்டது. கடைவீடுகளுக்கு மேலே 280 மீட்டர் உயர வங்கிக் கோபுரம் எழுகிறது. காசு இந்தக் கரையை விட்டுப் போகவில்லை, மாடியேறிவிட்டது.

பழைய ஆற்றின் பெருமையைச் சொல்லும்போது அதன் நாற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றோரம் நடந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கழிவுநீர்க் குழாய் இல்லாத குடிசைகள், தெருவோர உணவுக்கடைகளின் எச்சில், பட்டறைகளின் கழிவு, படகுகளின் எண்ணெய் எல்லாம் ஆற்றில்தான் கலந்தன. பக்கத்துக் காலாங் ஆற்றுப் படுகையில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் வேறு. 1977 பிப்ரவரி 27 அன்று, ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்தாண்டில் இந்த இரண்டு ஆறுகளிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார் பிரதமர் லீ குவான் யூ. 1987இல் வேலை முடிந்தது. இடம் பெயர்ந்தவர்களுக்குக் கொடுத்த இழப்பீட்டைச் சேர்க்காமலேயே செலவு ஏறத்தாழ 30 கோடி வெள்ளி.

அன்று ஆற்றை நம்பி இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு ஆறுகளின் வடிநிலத்திலுமாகச் சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாறின. பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1983இல் சுமார் 800 தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. தொங்கானுக்கு அரசாணை மட்டும் எமனாக வரவில்லை. 1972இலேயே தஞ்சோங் பகாரில் சரக்குப் பெட்டக முனையம் திறந்தாகிவிட்டது. கப்பலிலிருந்து பாரந்தூக்கி நேரே கரையில் பெட்டகத்தை இறக்கும்போது நடுவில் படகுக்கு என்ன வேலை? ஆற்றைத் துப்புரவு செய்யாமல் விட்டிருந்தாலும் தொங்கான்கள் நின்றிருக்கும். நாற்றம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

கழிமுகத்துக்கு அருகே இருக்கும் கெவனா பாலத்தில் ஒரு பழைய அறிவிப்புப் பலகை உண்டு. மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் ஏறக் கூடாது என்கிறது அது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. பூட்டி முடித்தது 1869இல். வேலை செய்தவர்களில் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் உண்டு. பாலம் தாழ்வானது. கடல் ஏற்றத்தின்போது தொங்கான்கள் அடியில் புக முடியாமல், நீர் வற்றும்வரை காத்துக் கிடக்கும். 1910இல் ஆண்டர்சன் பாலம் வந்த பிறகு கெவனாவில் மனிதர்கள் மட்டும் நடக்கிறார்கள். மாடும் குதிரையும் சாலைகளைவிட்டே போய்விட்டன. தடை மட்டும் அமலில் இருக்கிறது. மணப்பெண்கள் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாலத்தின் ஒரு முனையில் ஃபுல்லர்ட்டன் கட்டடம். 1928இல் திறந்தபோது தலைமை அஞ்சலகம் அங்கேதான். ஊரிலிருந்து வந்த கடிதமும் ஊருக்குப் போன பணமும் அந்த அஞ்சலக மேசைகளைத் தாண்டின. 2001 முதல் அது நட்சத்திர ஹோட்டல். மறுமுனையில், கைதிகளின் உழைப்பில் எழுந்த எம்ப்ரஸ் பிளேஸ் கட்டடம். பிறப்பு, இறப்புப் பதிவுக்கும் குடியுரிமைக்கும் குடிநுழைவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற இடம். 2003 முதல் அது ஆசிய நாகரிக அரும்பொருளகம். அன்று காரியம் இருந்தவர்கள் வந்தார்கள், காத்திருந்தார்கள். இன்று காரியம் இல்லாதவர்கள் வருகிறார்கள், ரசிக்கிறார்கள்.

மெர்லயனுக்கும் இடமாற்றம் நேர்ந்தது. சிங்கத் தலையும் மீன் உடலுமாக 8.6 மீட்டர் உயரச் சிலை, 1972இல் கழிமுகத்தில் கடலைப் பார்த்து வைக்கப்பட்டது. பிறகு கடலைத் தூர்த்தார்கள். 1997இல் எஸ்பிளனேட் பாலம் எதிரே வந்து மறைத்தது. 2002இல் 70 டன் சிலையை 120 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் நிறுத்தினார்கள். அன்று அது பார்த்தது கப்பல்களை. இன்று பார்ப்பது மரினா பேயின் ஹோட்டல்களை.

தமிழர்கள் தேட வேண்டிய தடம் ஆற்றிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் நகரத்தார், அதாவது செட்டியார்கள், வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். நீளமான கூடம், தடுப்பு இல்லை, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தரையில் சில அடி இடம், ஒரு மேசைப்பெட்டி, கணக்குப் புத்தகம். பகலில் வட்டிக் கணக்கு, இரவில் அதே இடத்தில் பாய். ஒரே கூரையின்கீழ் பல கடைகள். சீன வணிகரும் மலாய்க்காரரும் தமிழ்த் தொழிலாளியும் அந்தப் படியேறிக் கடன் வாங்கினார்கள். 1970களில் அரசு அந்த இடத்தைக் கையகப்படுத்தியது. கிட்டங்கிகள் இருந்த பகுதியில் கோல்டன் ஷூ கார் நிறுத்தக் கட்டடம் வந்தது. அதையும் இடித்து 2021இல் 51 மாடிக் கோபுரம் எழுப்பினார்கள். அங்கும் நிதித் தொழில்தான் நடக்கிறது. தரையில் உட்கார்ந்து நடந்தது, இப்போது மின்தூக்கியில் ஏறிப் போய் நடக்கிறது. செட்டியாரோ ஆற்றோரச் சிற்பமாகி, இன்றைய நிதியாளர்களோடு சேர்ந்து வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நகரத்தார் 1859இல் கட்டிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் மட்டும் கிளார்க் கீக்கு அருகே அதே இடத்தில் இருக்கிறது. கட்டடம் புதுப்பிக்கப்பட்டது, தைப்பூசக் காவடி இன்றும் அங்கேதான் முடிகிறது. ஆற்றைச் சுற்றி இடமும் மாறாமல் தொழிலும் மாறாமல் இருப்பவை சில வழிபாட்டுத் தலங்கள்தாம்.

கிளார்க் கீ அருகே ரீட் பாலம். படகு வேலை முடிந்த தியோசியூத் தொழிலாளர்கள் மாலையில் அங்கே கூடுவார்கள். கதைசொல்லி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திவைத்துப் பழங்கதையைத் தொடங்குவார். பத்தி எரிந்து தீர்ந்ததும் கதையை நிறுத்திவிட்டுக் காசு வாங்குவார். மேலே கேட்க வேண்டுமென்றால் அடுத்த பத்தி. பின்னாளில் அதே பாலத்தில் இளைஞர்கள் புட்டியோடு உட்கார்ந்து விடிய விடியப் பேசினார்கள். 2015இல் வந்த சட்டம் பொது இடத்தில் இரவு 10.30க்கு மேல் குடிக்கக் கூடாது என்றது. அன்று நேரத்தைச் சொன்னது பத்தி, இன்று சொல்வது சட்டம். கரையிலிருந்த கிடங்குகளோ 1990களில் உணவகங்களும் கேளிக்கைக் கூடங்களுமாக மாறி, அதற்குப் பின்னும் சில முறை உருமாறிவிட்டன.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்தது. நீளம் 350 மீட்டர். அதன்பின் கடல் ஆற்றுக்குள் வருவதில்லை. உப்புநீர் படிப்படியாக நன்னீராகியது. ஏற்றமும் வற்றமும் நின்றன. தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை இப்போது அணை உருவாக்கிய நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அன்று கைவைக்க அருவருத்த தண்ணீர், இன்று சுத்திகரித்த பிறகு குழாயில் வருகிறது. நீர்நாய்கள் குடும்பத்தோடு திரிகின்றன. மீன் இருக்கிறது, குறிப்பிட்ட இடங்களில் தூண்டில் போடவும் அனுமதி உண்டு.

ஆனால் ஆற்றில் குதித்து நீந்தக் கூடாது. கெவனா பாலத்தருகே ஐந்து சிறுவர்கள் கரையிலிருந்து ஆற்றில் பாயும் வெண்கலச் சிற்பம் இருக்கிறது. சோங் ஃபா சியோங் வடித்தது. அன்று தண்ணீர் அழுக்காக இருந்தது, பிள்ளைகள் குதித்தார்கள். இன்று தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, சிலைகள் குதிக்கின்றன. கூலியாட்களுக்கும் மாட்டுவண்டிக்கும் வணிகருக்கும்கூடச் சிலைகள் உண்டு. பெயர் இல்லாதவர்களை நினைவில் வைத்துக்கொண்ட நல்ல மனம் அது. அவர்களுக்கு இங்கே வேறு இடம் இல்லாமல் போனதற்குச் சான்றும் அதுவே.

2019இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் வந்து இருநூறாண்டு ஆனதை ஒட்டி, ஆற்றங்கரையில் அவருடைய வெள்ளைச் சிலைக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு சிலைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று நாராயண பிள்ளை. 1819இல் ராஃபிள்ஸோடு வந்து, செங்கல் சூளை போட்டு, மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளமிட்ட தமிழர். விழாவுக்காகச் சிறிது காலம் நின்றார். ராஃபிள்ஸ் இன்னும் நிற்கிறார்.

கணக்குப் பார்த்தால் லாபமே அதிகம். மூக்கைப் பொத்தாமல் நடக்கலாம், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிப் போகலாம், இரவில் பயமில்லை, குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. முதுகில் மூட்டையோடு பலகை ஏறும் வாழ்க்கைக்கு யாரும் தங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இழந்தது ஒன்றுதான்: ஏழைக்கு இந்தக் கரையில் வேலை இருந்தது, வேலை முடிந்தால் காசு அதிகம் இல்லாமலே உட்காரவும் கதை கேட்கவும் இடம் இருந்தது. இப்போது நடப்பது இலவசம், உட்கார்ந்து சாப்பிட்டால் விலை அதிகம்.

சிங்கப்பூர் போகிறவர்கள் மெர்லயன் முன்னால் படம் எடுத்தவுடன் வண்டி ஏறிவிட வேண்டாம். கெவனா பாலம் கடந்து, போட் கீ வளைவு வழியாகக் கிளார்க் கீ வரை நடந்து, டேங்க் ரோடு கோயிலில் முடியுங்கள். நுழைவுச் சீட்டு வேண்டாம். வழியில் நிற்கும் ஒவ்வொரு வெண்கல ஆளும் என்ன வேலை செய்தார் என்று கூட வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள்.