புகை மணக்கும் பாம்பெர்க் நகரம்: பெரிய ஆலைகளுக்கு நடுவே சில சிறு பீர்சாலைகள்

பெரிய ஆலைகள் மலிவாகவும் மிகுதியாகவும் சரக்கை உற்பத்தி செய்து குவிக்கும் காலத்தில், பழைய முறையில் சிறிய அளவில் தொழில் செய்பவன் எவ்வாறு நிலைத்து நிற்க முடியும்? நம் நெசவாளர் சங்கங்களின் கூட்டங்களில் இக்கேள்வி எழாத ஆண்டே இல்லை. கைத்தறிக்காரர் மட்டும் கேட்கும் கேள்வியன்று இது. உலகின் பல மூலைகளிலும் பல தொழிலாளர் இதனைக் கேட்டிருக்கின்றனர். அவர்களுள் ஒரு சாரார் கண்ட விடையைத் தேடி, இம்மாதம் நம் வாசகர்களை ஜெர்மனி நாட்டில் உள்ள பாம்பெர்க் என்னும் நகரத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அங்கு நாம் காணப்போவது பீர்த் தொழில். இப்பத்திரிகையில் பீரைப் பற்றி எழுதுவதா என்று அங்கத்தினர் சிலர் புருவத்தை நெறிக்கக் கூடும். குடியைப் புகழ்வது நம் கருத்தன்று. பார்லி விளைவிப்போர், ஹாப்ஸ் கொடி வளர்ப்போர், முளைதானியம் உலர்த்துவோர், பீப்பாய் நிரப்புவோர் ஆகிய அனைவரின் பிழைப்பும் அத்தொழிலில் அடங்கியிருக்கிறது. அதனை ஒரு தொழிலாகவே நாம் காண்போம்.

பாம்பெர்க், பவேரியா மாநிலத்தின் வட பகுதியான ஃபிராங்கோனியாவில், ரெக்னிட்ஸ் ஆற்றின் கரைகளில் அமைந்தது. மக்கள் தொகை எண்பதினாயிரத்துக்கும் குறைவு. குன்றுகளின்மேல் கோயில்களும், ஆற்றின் நடுவே பழைய நகர மண்டபமும் நிற்கின்றன. 1993-ஆம் ஆண்டில் இந்நகரின் பழைய பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபொழுது, மாதா கோயில்களும் மாளிகைகளும் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காய்கறி பயிரிட்டு வந்த தோட்டக்காரர்களின் குடியிருப்பும் அதனுடன் சேர்க்கப்பட்டது. வீட்டின் முகப்புத் தெருவை நோக்க, பின்புறம் நீண்ட காய்கறிப் பாத்திகள் நகரத்தின் நடுவிலேயே கிடப்பதை அங்கே இன்றும் காணலாம். பயிரிடுவோராகிய நம் அங்கத்தினர் இதனைக் கேட்டு மகிழ்வர் என்பதால் குறிப்பிட்டோம்.

இத்துணைச் சிறிய நகரத்தில் ஏறத்தாழப் பத்துப் பீர்சாலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உணவு விடுதியை வைத்திருக்கிறது. ஷ்லெங்கர்லா என்னும் விடுதி 1405-ஆம் ஆண்டிலும், க்ளோஸ்டர்பிராய் 1533-இலும், ஷ்பெட்சியால் 1536-இலும் ஏடுகளில் காணப்படுகின்றன. பீரில் என்னென்ன சேர்க்கலாம் என்பதற்கும் இங்கே பழைய விதி உண்டு. முளைதானியம், ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் சேர்க்கலாகாது என்று இந்நகரை ஆண்ட மதத் தலைவர் 1489-இலேயே கட்டளையிட்டார். பவேரியாவின் புகழ்பெற்ற தூய்மைச் சட்டம் அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1516-இல்தான் வந்தது. பாம்பெர்க் மக்கள் இந்தக் கணக்கை மறப்பதில்லை.

இனித் தொழிலின் நுட்பத்துக்கு வருவோம். பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைகட்ட விடுவர். முளை ஓரளவு வளர்ந்ததும் அதனை நிறுத்த வேண்டும். அதற்கு வெப்பத்தில் உலர்த்துவதே வழி. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துக் குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சும் நம் இல்லத்தரசிகளுக்கு இதன் பக்குவம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. நமக்கு வெயில் உண்டு. குளிர் நாட்டாருக்கு அவ்வசதி இல்லை. ஆகையால் துளைகள் இட்ட தளத்தின்மேல் ஈரத் தானியத்தைப் பரப்பி, கீழே விறகு எரித்து உலர்த்தினர். அனலோடு புகையும் தானியத்தினூடே புகுந்து வெளியேறியது. ஆகவே முற்காலத்தில் அப்பக்கத்துப் பீரில் பெரும்பாலானவற்றில் புகை மணம் இருந்திருக்க வேண்டும். அன்று எவரும் அதனை விசேஷமாகக் கருதவில்லை.

புகை படாமல் தானியத்தை உலர்த்தும் முறைக்கு இங்கிலாந்தில் 1635-ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. பின்னர் நிலக்கரியும் கல்கரியும் வெப்பக் காற்றுக் குழாய்களும் வந்தன. புதிய சூளையில் வேலை விரைவு, செலவு குறைவு, சுவையும் எப்பொழுதும் ஒரே சீர். ஒவ்வொரு பீர்சாலையாக விறகுச் சூளையைக் கைவிட்டது. பாம்பெர்கில் இரண்டு குடும்பங்கள் மட்டும் கைவிடவில்லை. ஷ்லெங்கர்லாவும் ஷ்பெட்சியாலும் இன்றும் தங்கள் முளைதானியத்தைத் தாங்களே பீச் மர விறகின் தீயில் உலர்த்துகின்றன. விறகை வெட்டி அடுக்கி நெடுநாள் காயவைக்க வேண்டும். தீயைக் கண்காணிக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும். ஆலைக்காரர் கண்ணுக்கு இவையெல்லாம் வீண் செலவாகவே தோன்றும்.

ஷ்லெங்கர்லா விடுதி பெரிய கோயிலின் அடிவாரத்தில் ஒரு பழைய மரச்சட்ட வீட்டில் இருக்கிறது. பீர் காய்ச்சுவது ஷ்டெஃபான்ஸ்பெர்க் என்னும் குன்றில். அங்கிருந்து வரும் பீர், விடுதியில் மரப் பீப்பாயிலிருந்து குழாய் திருகி நேரே கோப்பையில் இறக்கப்படுகிறது. நிறம் ஏறக்குறையக் கருப்பு. மணம் புகையிட்ட இறைச்சியின் மணம். முதல் கோப்பையில் முகஞ்சுளிப்பவர் மூன்றாவதில் பழகிவிடுவர் என்று அவ்வூரார் கூறுவதுண்டு. இதனை நாம் சிபாரிசாகச் சொல்லவில்லை! வியப்பான செய்தி வேறொன்று உண்டு. அதே சாலையில் வெளிறிய நிறமுள்ள சாதாரணப் பீர் ஒன்றும் தயாராகிறது. அதில் புகையிட்ட தானியம் ஒரு பிடியும் சேர்ப்பதில்லை. ஆயினும் அதிலும் இலேசாகப் புகை மணக்கிறது. புகைப் பீரை நொதிக்கச் செய்த அதே ஈஸ்ட்டும் அதே பாத்திரங்களும் அம்மணத்தை ஏற்றி வைத்துவிடுகின்றன. சாயத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இந்நகரின் கடைத்தெரு ஒழுங்கும் நமக்குப் புதுமையாக இருக்கும். ஷ்பெட்சியாலுக்கு எதிர்ச்சாரியிலேயே 1649-இல் தோன்றிய ஃபெஸ்லா என்னும் பீர்சாலை நிற்கிறது. நகரின் மற்றொரு பகுதியில் மார்ஸ், கேஸ்மன் என்னும் இரண்டு சாலைகள் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. மார்ஸ் சாலைக்காரர் வாயுவை இறுக்கி அடைக்காமல் பக்குவப்படுத்தும் ஒரு வகைப் பீரை விற்கின்றனர். அதனைக் கேட்க ‘ஊ’ என்ற ஓரெழுத்துச் சொன்னால் போதும், கோப்பை வந்துவிடும். எதிர்க்கடைக்காரர் அதே சரக்கைப் போலியாகச் செய்து விலையைக் குறைத்துப் போட்டியிடுவதில்லை. தம் சரக்கு வேறு, தம் வாடிக்கை வேறு என்று இருக்கிறார். ஒரே கரையை ஒரே நிறத்தில் பத்துச் சங்கங்கள் நெய்து, கழிவுக் காலத்தில் ஒருவரையொருவர் விலையில் வெட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தை இங்கே எண்ணாதிருக்க முடியவில்லை.

கோடையில் பாம்பெர்க் மக்கள் ‘கிடங்கின்மேல்’ போகிறோம் என்பர். கிடங்குக்குள் இறங்குவதல்லவா முறை என்று நமக்குத் தோன்றும். குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன், பீரைக் குளிர்ச்சியாகப் பல வாரங்கள் வைத்திருக்கக் குன்றுகளைக் குடைந்து நீண்ட சுரங்கங்கள் அமைத்தனர். மேலே நிழல் தரும் மரங்கள் நின்றன. பீர் இருக்கும் இடத்திலேயே, அதன் தலைக்கு மேல், மர நிழலில் பெஞ்சு போட்டு விற்பனையும் தொடங்கியது. இன்று குளிர்பதன வசதி வந்துவிட்டபோதிலும் மரத்தடி மாறவில்லை. இத்தகைய இடங்கள் பலவற்றில் வீட்டிலிருந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டி எடுத்துச் சென்று உண்ணலாம். பீருக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

விலையைக் கூறும்போது 1907-ஆம் ஆண்டின் ‘பீர்ப் போர்’ நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி முதல், அரை லிட்டர் பீரின் விலையைப் பதினொரு ஃபெனிக்கிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப் பீர்சாலைக்காரர்கள் கூடி முடிவு செய்தனர். உயர்வு ஒரே ஒரு ஃபெனிக். நகர மக்கள் உள்ளூர்ப் பீரைத் தொடுவதில்லை என்று உறுதி கொண்டனர். அண்டை ஊரான ஃபோர்க்ஹைமிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வெளியூர்ப் பீர் வந்து இறங்கியது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் பீர்சாலைக்காரர்கள் பணிந்தனர். பழைய விலையே நின்றது. வாங்குவோர் ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பண்டகசாலைக் கூட்டங்களில் எடுத்துக்காட்டத்தக்க வரலாறு இது. எனினும் உற்பத்தியாளர் சங்கத்தாராகிய நாம் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பார்லி விலையும் கூலியும் ஏறும்போது சரக்கின் விலை மட்டும் ஏறலாகாது என்றால், சிறிய பட்டறைக்காரன் எங்கிருந்து ஈடு செய்வான்? போரில் வென்றவர் யார் என்று கூறுவது எளிதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் அறுபதுக்கு மேற்பட்ட பீர்சாலைகள் இருந்தன. அவற்றுள் மிகப் பல மறைந்து போயின. 2008-ஆம் ஆண்டிலும் நூறாண்டு கடந்த ஒரு சாலை கதவை மூடியது. ஜெர்மனியில் பீர் அருந்துவோர் அளவும் பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. ஆகவே எஞ்சியிருக்கும் சாலைகளைக் காட்டி, பழைமை தானாகவே வாழும் என்று எவரும் எண்ணிவிடலாகாது.

எஞ்சியவை எஞ்சியதற்கு நாம் காணும் காரணங்களுள் முதன்மையானது, அவை தங்கள் சரக்கின் பெரும்பகுதியைத் தங்கள் சொந்த வாசலிலேயே விற்பதாகும். கோப்பையில் ஊற்றும் பீருக்கு இடைத்தரகர் இல்லை. விளம்பரச் செலவும் அதிகமில்லை. மற்றொரு காரணம் அரசாங்கத்தின் வரிமுறை. ஜெர்மனியில் பீர் வரி எல்லாருக்கும் ஒன்றன்று. ஆண்டுக்கு 2,00,000 ஹெக்டோலிட்டருக்கு உட்பட்டு உற்பத்தி செய்யும் சாலைகளுக்கு வரி படிப்படியாகக் குறைகிறது. மிகச் சிறியவை ஏறத்தாழப் பாதி வரியே செலுத்துகின்றன. (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது நூறு லிட்டர்.) ஆனால் அச்சாலை உண்மையிலேயே சுதந்திரமானதாக இருக்க வேண்டும், பெரிய கம்பெனியொன்று சிறியதன் பெயரில் ஒளிந்துகொண்டு சலுகை பெற முடியாது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்தது. ஒதுக்கிய வகைகள் விசைத்தறியில் ஓடி, கைத்தறி என்ற பெயரில் கடைக்கு வருவதை நெசவாளர் அறிவர். சலுகை கொடுப்பதைவிட, அது போய்ச் சேர வேண்டியவனுக்குச் சேருகிறதா என்று காவல் நிற்பது கடினம்.

சூளை விஷயத்தில் ஒரு விசித்திரமும் நடந்திருக்கிறது. பாம்பெர்கின் ரயில் நிலையத்தை அடுத்து, சிவப்பும் மஞ்சளுமான செங்கற் கட்டடங்களில் வையர்மன் என்னும் முளைதானிய ஆலை இயங்குகிறது, 1879-இல் தொடங்கியது. எண்பதுக்கு மேற்பட்ட வகை மால்ட்டை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இது அனுப்புகிறது. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதற்கு இருந்த மத்திய அரசின் தடை 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின், அங்கே சிறு பீர்சாலைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பெரிய ஆலைகளின் ஒரே சுவை அலுத்துப்போன அவர்கள், பழைய சுவைகளைத் தேடினர். பீச் மரப் புகையிட்ட மால்ட்டையும் கேட்டு வாங்கினர். உள்ளூரில் கைவிடப்பட்ட பக்குவம் இவ்வாறு மூட்டைகளில் ஏறிக் கடல் கடந்து செல்கிறது. பழைய சூளையை அணைக்காதிருந்த இரு குடும்பங்கள் அந்தச் சுவைக்கு உயிருள்ள சாட்சியாக நின்றன.

இவையெல்லாம் குடும்பத் தொழில்களே அன்றிக் கூட்டுறவுகள் அல்ல என்று கூர்ந்து வாசிப்போர் கூறுவர். உண்மைதான். அத்தொழிலில் கூட்டுறவைக் காண வேறிடம் போக வேண்டும். தென் பவேரியாவின் ஹாலர்டாவ் பகுதியில் ஹாப்ஸ் பயிரிடுவோர் தங்களுக்கென விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கின்றனர். பாம்பெர்குக்குக் கிழக்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டிய விண்டிஷ்எஷன்பாக், நாய்ஹவுஸ் முதலிய சிற்றூர்களிலோ பீர் காய்ச்சும் கொட்டகையே பொதுச்சொத்து. காய்ச்சும் உரிமை குறிப்பிட்ட வீடுகளோடு சேர்ந்தது. உரிமையுள்ளவர் தம் முறை வரும்போது பொதுக் கொட்டகையில் விறகு எரித்து முளைதானியச் சாறு காய்ச்சுவார். கொப்பரை வாடகையைக் கட்டுவார். சாற்றைத் தம் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய் நொதிக்க விடுவார். ஆகையால் ஒரே கொப்பரையில் காய்ந்தாலும் வீட்டுக்கு வீடு சுவை வேறு. பீர் பக்குவமானதும் வீட்டு வாசலில் அறுமுனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுவர். அயலார் வந்து அந்த வீட்டின் கூடத்திலேயே அமர்வர். அவ்வீட்டாரின் நாட்கள் முடிந்ததும் நட்சத்திரம் உள்ளே போகும். அடுத்த முறைக்காரர் தம் வாசலில் நட்சத்திரத்தை மாட்டுவார்.