பனி பொய்த்தால் எந்த மலை நிற்கும்?

பனிச்சறுக்குக்கு இந்தியாவில் எந்த மலை சிறந்தது என்று கேட்டால், சுற்றுலா விளம்பரங்கள் உயரத்தைச் சொல்லும், ரோப் காரைச் சொல்லும், சரிவின் நீளத்தைச் சொல்லும். எல்லாம் நல்ல வருஷத்துக் கணக்கு. பாளையம்பட்டி, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரியிடம் ஒரு கண்மாயைப் பற்றி விசாரித்தால், அது மறுகால் பாய்ந்த கதையைவிட, ஐப்பசி மழை பொய்த்த வருஷத்தில் அதில் எத்தனை நாள் தண்ணீர் கிடந்தது என்பதைத்தான் முதலில் சொல்வார். காஷ்மீரின் குல்மார்க், உத்தரகண்டின் ஔலி, இமாச்சலத்தின் சோலங் மூன்றையும் அந்தக் கணக்கில்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அவையும் வானம் பார்த்த இடங்களே. நமக்கு வங்கக்கடல் மழை தர வேண்டும்; அவற்றுக்கு மத்தியதரைக்கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் குளிர்கால மேற்கத்தியக் காற்றுச் சலனம் பனி தர வேண்டும்.

2024 ஜனவரியில், மாதக் கடைசி நெருங்கும்வரை, குல்மார்க் புல்வெளி காய்ந்து கிடந்தது. பிறகு பனி விழுந்தது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் நடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய போட்டிகள் பனியில்லாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தன. ஔலியிலோ 2023 பிப்ரவரியில் நடக்கவிருந்த தேசியக் குளிர்காலப் போட்டிகள் ரத்தே ஆகிவிட்டன. தள்ளிவைப்பதற்கும் ரத்து செய்வதற்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்கு அதிர்ஷ்டம் மட்டும் காரணமில்லை. ஔலியின் சரிவு சுமார் 3,050 மீட்டரில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. குல்மார்க்கின் ரோப் கார், 2005-இல் திறந்த இரண்டாம் கட்டத்தில், அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டரையும் தாண்டி ஏறுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குளிர் கூடும். தாமதமாக விழுந்த பனியும் அங்கே தங்குகிறது. ஔலியில் உருகி ஓடிவிடுகிறது.

ஔலியில் செயற்கைப் பனி இயந்திரம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2011-இல் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக வைத்தார்கள். தண்ணீருக்கு ஒரு குளமும் வெட்டினார்கள். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் தண்ணீர் மட்டும் போதாது, உறைநிலைக் குளிரும் வேண்டும். குளிர்காலமே வெதுவெதுப்பாகிவிட்டால் அது என்ன செய்யும்? 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுக்கச் செயற்கைப் பனியில் நடந்தது உண்மைதான்; அங்கே வறண்ட கடுங்குளிரும், கேள்வி கேட்காத கஜானாவும் இருந்தன. ஔலியின் பெரிய பலவீனம் பனியைவிடக் கீழே, மண்ணில் இருக்கிறது. அடிவாரத்து ஜோஷிமட் பழைய மண்சரிவுக் குவியலின்மேல் நிற்கும் ஊர் என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-லேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல்விட, ஔலிக்குப் போகும் ரோப் காரையும் நிறுத்த வேண்டியதாயிற்று. இத்தனைக்கும், நந்தாதேவியைப் பார்த்தபடி இறங்கும் அந்தச் சீரான சரிவைப்போல் புதிதாகக் கற்பவருக்கு இணக்கமான இடம் நாட்டில் குறைவு.

குல்மார்க்கைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. பனியைத் தாங்கிப் பிடிக்கும் அதே உயரம்தான் பனிச்சரிவையும் கொண்டுவருகிறது. போட்டிகள் நடந்த அதே 2024 பிப்ரவரியில், மேல்மலையில் பனிச்சரிவில் சிக்கி ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார். அஃபர்வாட்டின் பெரும்பகுதி செப்பனிடாத காட்டுச் சரிவு. கற்றுக்குட்டிக்கு அது இடமல்ல. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் தேர்ந்தவரும் போகக்கூடாது.

சோலங்கின் பலம் சாலை. மணாலியிலிருந்து எட்டும் தூரம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் லாகுல் பக்கமும் குளிர்காலத்திலேயே போகலாம். பலவீனமும் அந்தச் சாலைதான்: கூட்டம் அவ்வளவு. சரிவும் சிறியது. ஆனால் பக்கத்துப் புருவா கிராமத்து ஆஞ்சல் தாக்கூர்தான் 2018-இல் துருக்கியில் வெண்கலம் வென்று, பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் வாங்கித் தந்தவர் என்று பேசப்பட்டார். ஆகவே சரிவு சிறியது என்று தள்ளிவிடுவதற்கில்லை. கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன், சோலங் இருக்கும் இதே குலு பள்ளத்தாக்கில் பெரிய பனிச்சறுக்கு நகரம் கட்ட வந்தபோது, 2006-இல் நக்கரில் கூடிய கிராம தேவதைகளின் சபை, சாமியாடிகள் வாயிலாக, வேண்டாமென்று வாக்குச் சொன்னது. திட்டம் கைகூடவில்லை. இன்று பனி விழுகிற லட்சணத்தைப் பார்த்தால், அந்தத் தேவதைகள் கணக்குத் தெரிந்தவர்கள் என்றுதான் தோன்றுகிறது. இமாச்சலத்திலேயே உள்ள குஃப்ரி, நார்கண்டா இரண்டும் பனி விழுந்த வாரத்துக்கு மட்டுமே சறுக்கு மலைகள்.

கரிசல்காட்டுக்காரனுக்கு இந்த ஒப்பீடு எதற்கு என்று கேட்பவர் உண்டு. இந்த மலைகளில் கொட்டப்படுவதில் நம் வரிப்பணமும் சேர்த்தி. புதிதாகக் கல்யாணமானவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இங்கிருந்து முன்பணம் கட்டிப் போகிறார்கள். என் தீர்ப்பு: பனி பொய்க்கும் ஆண்டில் நிற்கக்கூடியது குல்மார்க் ஒன்றுதான், அரசு புதிதாகச் செலவு செய்வதானால் அங்கே பனிச்சரிவுப் பாதுகாப்புக்குச் செய்யட்டும். கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் டிசம்பரை விட்டுவிட்டு பிப்ரவரியில் போங்கள். பனியில்லாவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள்.