தனிமையைக் கடப்போம் – 9: டீக்கடை பெஞ்சில் ஓர் இடம்

தமிழ்நாட்டில் காசு கொடுத்து வாங்கும் பண்டங்களில், உட்கார இடமும் பேச்சுக்கு ஆளும் சேர்த்துத் தருவது டீக்கடை டீதான். வீட்டில் தனியாக இருப்பவர், வேலைக்காக ஊர் விட்டு வந்தவர், ஓய்வு பெற்றபின் பொழுது போகாதவர் என்று பலருக்கு நாளின் முதல் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பேச்சின் மதிப்பு சாதாரணமானதல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு ஆணையம் 2025 ஜூன் மாத அறிக்கையில் கூறியது. ஆண்டுக்கு 8,71,000-க்கும் அதிகமான மரணங்களுக்கும் தனிமைக்கும் தொடர்பு உண்டு என்பது அதன் மதிப்பீடு.

டீ குடிக்கும் பழக்கம் தமிழகத்தில் பரவியது அண்மைக் காலத்தில்தான். நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தேயிலை பயிரானது, பெரும்பகுதி கப்பலேறிவிட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்தது. 1933-இல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் வந்தது. அதன்பின் தேயிலை வணிகர்கள் உள்நாட்டுச் சந்தையைப் பெருக்க மும்முரமாக இறங்கினார்கள். மக்கள் கூடும் இடங்களில் டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். பின்னர் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் சி.டி.சி. முறை பரவி, கொஞ்சம் தூளில் நிறைய டீ போட முடிந்ததும், உழைக்கும் மக்களின் கைக்கெட்டும் பானமாக அது நிலைத்தது.

கடை இயங்கும் விதத்திலேயே மனிதரைச் சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. விடியும் முன்பே பாய்லர் கொதிக்கிறது. மாஸ்டர் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி டிக்காஷன் இறக்குகிறார். சர்க்கரையும் பாலும் டிக்காஷனும் சேர்ந்ததும், கையை உயரத் தூக்கி இரண்டு மூன்று முறை ஆற்றி, நுரை ததும்ப கிளாஸை நீட்டுகிறார். வாடிக்கையாக வருபவர் வாய் திறக்க வேண்டியதே இல்லை. யாருக்கு ஸ்ட்ராங், யாருக்குச் சர்க்கரை கம்மி என்பதெல்லாம் மாஸ்டருக்கு மனப்பாடம். இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வந்தால், “என்னண்ணே, ரெண்டு நாளா ஆளையே காணோம், உடம்புக்கு எதுவும் முடியலையா?” என்று கேட்பார். மனைவியை இழந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு, தான் வராததைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

கொதிக்கும் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட முடியாது. சூடு ஆறும்வரை உட்கார வேண்டும்; அந்த நேரத்துக்குள் பக்கத்தில் இருப்பவரோடு நாலு வார்த்தை வந்துவிடும். பெஞ்சில் அமர்பவர்கள் தெருவைப் பார்த்தபடி தோளோடு தோளாக உட்காருவதால், முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுபவருக்கும் பேச்சு எளிதாகிறது. பேச விஷயம் இல்லையென்றால் செய்தித்தாள் இருக்கிறது. ஒரே நாளிதழின் தாள்கள் நாலு கைகளுக்குப் பிரிந்து போகின்றன. ஒருவர் படித்த செய்தி அடுத்தவருக்குப் பேச்சாகிறது. இன்று ஒருவர் காசு கொடுத்தால் நாளை மற்றவர் கொடுக்கிறார். விலை குறைவு என்பதால் வாங்கிக் கொள்பவருக்குக் கடன்பட்ட உணர்வு வருவதில்லை. மறுநாள் தன் முறை என்று வருவதற்கு ஒரு காரணம் மட்டும் கிடைக்கிறது.

இத்தகைய சிறு பேச்சின் பலனை உளவியலாளர்கள் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோமும் எலிசபெத் டனும் கனடாவில் சோதித்துப் பார்த்தார்கள். காபிக்கடைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் வாங்கிக்கொண்டு விரைவாகத் திரும்பும்படியும், மற்றவர்களிடம் காபி தருபவரைப் பார்த்துச் சிரித்து, சற்றுப் பேசிவிட்டு வரும்படியும் சொன்னார்கள். பேசிவிட்டு வந்தவர்களிடம் மகிழ்ச்சியும், நாலு பேரோடு சேர்ந்தவர் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. ஆய்வு 2014-இல் வெளியானது. நெருங்கிய நட்பாக வளராத பழக்கமும் மனதுக்குத் துணை என்பதை அது காட்டியது.

ஆனால் எல்லோரையும் பெஞ்சில் உட்காரவிட்டால்தான் இந்தப் பலன். தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்து, குடித்தபின் அவர்களையே கழுவி வைக்கச் செய்த இரட்டைக் குவளை முறை தமிழகத்தின் பல ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இத்தகைய கொடுமைகளுக்குத் தண்டனை விதித்தன. சட்டம் வந்தபின்னும் தலித் அமைப்புகளும் பெரியாரிய, இடதுசாரி இயக்கங்களும் ஊர் ஊராகப் போராட வேண்டியிருந்தது. ஒரே பாய்லரில் கொதித்த டீ ஒருவருக்கு உறவையும் இன்னொருவருக்கு அவமானத்தையும் தந்தது. தள்ளி நிற்க வைக்கப்பட்டவரின் தனிமை ஊர் திணித்த தனிமை. சம மரியாதை தவிர அதற்கு வேறு மருந்து கிடையாது.

பெண்களுக்கு இந்த பெஞ்ச் இன்றும் அநேகமாக எட்டாத இடம். நகரங்களில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. சிற்றூர்களில் ஒரு பெண் தனியாக வந்து டீக்கடையில் உட்கார்ந்தால் பார்வைகள் திரும்புகின்றன. நடமாட்டம் குறைந்த முதியவர்களின் நிலையும் இதுதான்: கடை இருக்கிறது, போய்வர வழியில்லை. இவர்களுக்கு, தானாக அமையாத கூட்டத்தை யாராவது அமைத்துத் தர வேண்டும்.

அப்படி அமைத்ததற்கு பிரிட்டனில் நல்ல முன்னுதாரணம் உண்டு. தனியாக வாழும் முதியவர்களுக்காக 1965-இல் டிரெவர் லிட்டில்டன் லண்டனில் தொடங்கிய ‘கான்டாக்ட் தி எல்டர்லி’ அமைப்பு இன்று ‘ரீ-எங்கேஜ்’ என்ற பெயரில் இயங்குகிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தன்னார்வலர் காரில் வந்து முதியவரை அழைத்துக்கொண்டு இன்னொரு தன்னார்வலர் வீட்டுக்குப் போகிறார். அங்கே ஏழெட்டுப் பேர் டீயும் கேக்குமாகச் சில மணி நேரம் பேசியிருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். விருந்தளிக்கும் வீடு மாறிக்கொண்டே இருக்கும். வரும் முதியவர்களும் வண்டி ஓட்டுபவர்களும் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் எந்த வீட்டுக்கும் சுமை கூடுவதில்லை, பழகிய முகங்களும் மறைவதில்லை.

டீக்கடைக்கும் இந்த ஞாயிறு விருந்துக்கும் பொதுவான விதிகள் மூன்று: நேரம் தவறாத சந்திப்பு, மாறாத முகங்கள், எல்லோருக்கும் சம மரியாதை. இவற்றுக்குப் பெரிய செலவு தேவையில்லை. குடியிருப்புச் சங்கமோ மகளிர் சுய உதவிக் குழுவோ நூலகமோ வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். நடக்க முடியாதவரை அழைத்துவர ஒருவரைப் பொறுப்பாக்கலாம். சங்கம் இல்லாத தெருவில் ஒரு வீடே போதும். தெருவில் தனியாக இருக்கும் ஒருவரை வரும் ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிடுங்கள். அடுத்த ஞாயிறும் மறக்காமல் கூப்பிடுங்கள்.

(தொடரும்)