கடன் வரும் முன்னே கட்டணம் கேட்டால்...



மகள் கல்யாணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், தறி ஓடாத மாதங்களில் ஏறிப்போன கைமாற்று என்று பணமுடை நெருக்கும் நேரத்தில்தான் அந்த வாட்ஸ்அப் கடிதமும் வந்து சேர்கிறது. "உங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் முத்ரா கடன் சாங்ஷன் ஆகிவிட்டது." மேலே அரசு முத்திரை, கீழே அதிகாரி கையெழுத்து. நடுவில் ஒரு வரி: சரிபார்ப்புக் கட்டணம் ரூ.4,500 கட்டவும்.

இப்படி ஒரு கடிதம் நாடு முழுவதும் சுற்றியபோது, அது போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. அறிவித்தது. முத்ரா நிறுவனம் தனிநபர் யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. ஏஜென்ட் வைத்துக்கொள்வதும் இல்லை. கடன் வேண்டுமானால் வங்கி போன்ற கடன் தரும் நிறுவனத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ரூ.4,500 கட்டினால் விஷயம் அதோடு முடிவதில்லை. மறுநாள் இன்சூரன்ஸ் என்பார்கள், பிறகு ஜி.எஸ்.டி., பிறகு "பணம் ரிலீஸ் ஆகும் நேரம், இது கடைசிக் கட்டணம்". கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பே அடுத்த தொகையையும் கட்ட வைக்கிறது. ஏமாற்றுபவர் நம்பியிருப்பது நம் பேராசையை மட்டுமல்ல, இந்தத் தவிப்பையும்தான்.

இதே தந்திரத்தின் பெரிய உருவம் இரிடியம் மோசடி. இரிடியம் விற்ற கோடிக்கணக்கான பணம் ரிசர்வ் வங்கியில் முடங்கிக் கிடக்கிறது, அதை எடுக்க இப்போது லட்சம் கொடுத்தால் பிறகு கோடி கிடைக்கும் என்று சொல்லி, போலி ஆவணங்களையும் காட்டினார்கள். 2025 செப்டம்பரில் சி.பி.சி.ஐ.டி. போலீசார் தமிழ்நாட்டில் பல இடங்களில் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தனர். இப்படிப் பிரித்துக் கொடுப்பதற்காகத் தனிநபர் பெயரிலோ டிரஸ்ட் பெயரிலோ தன்னிடம் கணக்கு எதுவும் கிடையாது என்று ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது.

"வங்கியும் பிராசஸிங் கட்டணம் வாங்குகிறதே?" என்று கேட்கலாம். வாங்குகிறது. ஆனால் எவ்வளவு, எதற்கு என்று கடன் விவரத் தாளில் எழுதிக் கொடுக்கும். பெரும்பாலும் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்ளும். யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்லாது.

எங்களுக்கு அதிகம் வருத்தம் தருவது "வட்டியில்லாக் கடன்" என்ற பெயரில் வருபவர்கள். சலாம் சொல்லிப் பேச்சைத் தொடங்குவார்கள், ஹதீஸ் சொல்வார்கள், உறுப்பினர் கட்டணம் கேட்பார்கள். பேப்பர் கேட்டால், "நம்மாளுங்க மேலேயே சந்தேகமா பாய்?" என்பார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே கட்டளையிடுகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனமும் அதுதான். ஆகவே பேப்பர் கேட்பது அவமரியாதை ஆகாது. நம் டிரஸ்டின் உதவி எதற்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது வசூலித்தால் உடனே அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

வளைகுடா வேலை என்றால், பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ரூ.30,000, அதன் மேல் ஜி.எஸ்.டி.; ரசீதும் தர வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுக்கும் முன் அவருடைய பதிவு எண்ணை இமைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள்.

பணம் போய்விட்டதா? அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தகவல் போனால் முடக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று பெண்களும், மானம் போகுமே என்று ஆண்களும் இரண்டு நாள் மறைப்பதில்தான் அந்த வாய்ப்பு கைநழுவுகிறது. சாட்டை அழிக்க வேண்டாம். பரிவர்த்தனை எண், பேங்க் ஸ்டேட்மென்ட், அவர்கள் அழைத்த எண்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். புகார் எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

சில வாரம் கழித்து இன்னொரு போன் வரக்கூடும்: "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், வக்கீல் ஃபீஸ் மட்டும் முதலில் கட்டுங்கள்." அதுவும் அதே கூட்டம்தான்.