மகள் பெயர் எங்கே?

போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை அறியாதார் யார்? அதன் உரிமையாளர் ஜெயலலிதா 5-12-2016 அன்று மறைந்தார். உயில் இல்லை. நாட்டை ஆண்டவரின் சொத்தை நிர்வகிப்பது யார் என்ற கேள்வி, சென்னை உயர்நீதிமன்றப் படியேறிற்று. நிர்வாகியை நியமிக்க வேண்டுமென்று கட்சிக்காரர்கள் மனுப் போட்டனர். நாங்களே வாரிசு என்றனர் அண்ணன் பிள்ளைகள். 27-5-2020 அன்று தீர்ப்பு வந்தது: அண்ணன் மகள் தீபா, அண்ணன் மகன் தீபக் இருவருமே வாரிசு, நிர்வாக உரிமையும் இருவருக்குமே!

பெண்ணென்று ஒதுக்கவில்லை நீதிமன்றம். பெரிய இடத்திலே கிடைத்த அந்த நீதி, தாம்பரத்துத் தெருக்களிலே கிடைக்கிறதா?

சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ ஒரு தகப்பனாரை எண்ணிப் பாருங்கள். ரயிலேறி ரயிலேறி உழைத்தார்; அரை கிரவுண்டு வாங்கினார்; வீடு கட்டினார்; உயில் எழுதாமலே கண்ணை மூடினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிள்ளைகள் கூடுகிறார்கள். "தங்கச்சிக்குத்தான் கல்யாணத்திலேயே சீர் செய்தாயிற்றே! அவள் பெயர் எதற்கு?" என்கிறான் மூத்தவன். தாய் வாய் திறக்கவில்லை. தங்கையின் கையிலே விடுதலைப் பத்திரம். காட்டிய இடத்திலே கையெழுத்து!

சீர் வேறு, பங்கு வேறு, தோழர்களே! தந்தை தாமே தேடிய சொத்திலே மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு இடமளித்துத் தமிழ்நாடு 1989இல் திருத்தம் கண்டது. 2005இல் இந்தியா முழுமையும் கண்டது.

நிர்வாக உரிமை கேட்டு மனுப் போடுவது எல்லாக் குடும்பத்துக்கும் கட்டாயமில்லை. போட்டால் மறைக்க இடமில்லை! 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்கிறது: இறந்தது எங்கே, எப்போது? உறவினர் யார் யார், எங்கே வசிக்கிறார்கள்? சொத்தின் மதிப்பென்ன? கேட்பவருக்கு என்ன பாத்தியதை? உரிமை பெற்றவர் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தரவேண்டும். ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியல், ஓராண்டில் வரவு செலவுக் கணக்கு. உண்மையை மறைத்துப் பெற்ற உரிமையை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். மகளை மறைப்பது உண்மையை மறைப்பதன்றி வேறென்ன?

தாம்பரத்தார் வழக்குக்குச் செல்லும் மாவட்டத் தலைநகர் செங்கற்பட்டு. அந்த ஊரிலேதான் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுக்கும் சொத்துரிமை என்று தீர்மானித்தது. அன்று சிரித்தவர்கள் உண்டு. அந்தத் தீர்மானம்தான் இன்று சட்டம்!

சட்டம் வந்துவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. தகப்பன்மாரே, உயிரோடிருக்கும்போதே உயில் எழுதுங்கள். அண்ணன்மாரே, மனுவிலே தங்கை பெயரை முதலில் எழுதுங்கள். தங்கையே, படிக்காமல் கையெழுத்திடாதே! விட்டுக் கொடுப்பதானாலும், உன்னுடையது இன்னதென்று அறிந்து விட்டுக் கொடு.